ரவுட்டர் பாதி, போன் பாதி

வீட்டுக்கு வைஃபை ரவுட்டர் வாங்கப் போகிறவருக்கு அதன் அட்டைப்பெட்டி இரண்டு வாக்குகளைக் கொடுக்கிறது. வீட்டின் எந்த மூலைக்கும் சிக்னல் வரும் என்பது ஒன்று. பிள்ளைகள் பார்க்கக்கூடாததைப் பார்க்காமல் காவல் காக்கும் என்பது மற்றொன்று. முதல் வாக்குக்குச் சாட்சியாக நான்கு, ஆறு, எட்டு என்று ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நிற்கும். இரண்டாவதற்குச் சாட்சியாக ஒரு கேடயத்தின் படத்தை அச்சிட்டிருப்பார்கள். இரண்டுமே அந்தப் பெட்டியின் குணங்கள் என்றும், கூடுதல் காசு கொடுத்தால் குணமும் கூடும் என்றும் நமக்குத் தோன்றிவிடுகிறது. சிக்னல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதிலும் சரி, பெற்றோர் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலும் சரி, ரவுட்டருக்குப் பாதிப் பங்குதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். மீதிப் பாதி மறுமுனையில் இருக்கும் போனிடம் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்குகிறவர் சிக்னல் விஷயத்தில் வீண்செலவு செய்கிறார்; பிள்ளைகள் விஷயத்தில் இல்லாத காவலை இருப்பதாக நம்பிவிடுகிறார். இரண்டாவதுதான் மோசம்.

முதலில் சிக்னலைப் பார்ப்போம். ஒரு ரவுட்டர் எவ்வளவு ஆற்றலை வெளியே அனுப்பலாம் என்பதைத் தயாரிப்பாளர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கியிருந்த சில அலைவரிசைப் பகுதிகளை உரிமம் இல்லாத தகவல்தொடர்புக்கும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றில் ஒன்று. வைஃபையின் முதல் தரவரையறை 1997-இல் வந்தபோது இந்தப் பொது நிலத்தில்தான் குடியேறியது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2005 ஜனவரியில் உரிம விலக்கு கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018 அக்டோபரில்தான் விரிவாகத் திறந்தது. உரிமம் கேட்காததற்கு ஈடாக அரசு வைத்த நிபந்தனை ஆற்றல் வரம்பு. 2005 விதிப்படி டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனா ஒரு பக்கமாகக் குவித்துத் தரும் ஆதாயத்தைச் சேர்த்தாலும் 4 வாட்டுக்குள் அடங்க வேண்டும். கடையில் உள்ள விலை குறைந்த பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் உச்சவரம்பு ஒன்றேதான்.

போனுக்கோ அந்த வரம்பைத் தொடும் வசதியே கிடையாது. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும். உடம்போடு ஒட்டியே இருக்கும் கருவி என்பதால் அதற்கான கதிர்வீச்சு வரம்புக்கும் கட்டுப்பட வேண்டும். அதன் வைஃபை ஆற்றல் பொதுவாக 100 மில்லிவாட்டுக்குள் நின்றுவிடும். இது ஏன் முக்கியம் என்றால், வைஃபை வானொலியைப் போல ஒருவழிப் பாதை அல்ல. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும், அல்லது துண்டுகளின் தொகுப்புக்கும், போன் அந்தக் கணமே ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் காதில் விழாவிட்டால் ரவுட்டர் அதையே திரும்ப அனுப்பும். பல தடவை விழாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படுக்கையறையில் போனின் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டும் கோடு எந்தப் போனிலும் இல்லை. ரவுட்டரின் ஆற்றலை மட்டும் கூட்டுவது இந்த இடைவெளியைப் பெரிதாக்குமே தவிர மூடாது.

எண்களில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். சிக்னலை அளக்கும் இலவச ஆப்கள் அதை டெசிபல் மில்லிவாட் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டும். ரவுட்டர் இருக்கும் அறையில் −40, −45 என்று இருப்பது வழக்கம். வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓட −67 போதும் என்பது வைஃபை அமைப்போர் நெடுநாளாகக் கையாளும் அளவுகோல். −80-க்குக் கீழே போனால் இணைப்பு இருப்பது பேருக்குத்தான். 100 மில்லிவாட்டில் கிளம்பிய அலை −67-இல் வந்து சேர்கிறது என்றால், அனுப்பியதில் ஏறக்குறைய 50 கோடியில் ஒரு பங்குதான் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே படம் ஓடிவிடுகிறது என்பதே ஒரு பொறியியல் அதிசயம். இந்தக் கணக்கில் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். தடையே இல்லாத வெட்டவெளியில்கூட, தூரம் இரட்டித்தால் பறிபோவது 6 டெசிபல். இரண்டு மடங்கு ஆற்றல் இரண்டு மடங்கு தூரம் போகாது, ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே போகும். நடுவில் ஒரு சுவர் வந்தால் அந்த ஆதாயமும் போய்விடும்.

சுவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. செங்கல், கான்கிரீட், கண்ணாடி, மரம், கம்பிக் கூடு என்று கட்டடப் பொருள்களை வரிசையாக நிறுத்தி ரேடியோ அலைகளை ஊடுருவவிட்டு அளந்த ஓர் ஆய்வை அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. மரப்பலகையும் சாதாரணக் கண்ணாடியும் கொஞ்சம்தான் தடுக்கின்றன. கனத்த கான்கிரீட் மிக அதிகமாகத் தடுக்கிறது. அலைவரிசை ஏற ஏற கான்கிரீட்டின் தடையும் ஏறுகிறது. ரவுட்டர்களைப் பற்றி இணையத்தில் எழுதப்படும் பரிந்துரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்தவை. அங்கே அறைகளைப் பிரிப்பது மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. தமிழ்நாட்டு வீட்டில் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் நாலரை அங்குலம், தலைக்கு மேல் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். போதாததற்குச் சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. ‘2500 சதுர அடி வரை’ என்று பெட்டியில் போட்டிருப்பது எந்தச் சுவரை வைத்து அளந்தது என்று பெட்டி சொல்வதில்லை. நம் ஊர் இரண்டு மாடி வீட்டில் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது விவேகம். மாடியைப் பொறுத்தவரை அந்த எண்ணை மறந்துவிடுவது நல்லது.

2.4, 5 என்ற இரண்டு வரிசைகளில் எது தூரம் போகும் என்ற கேள்விக்கு எல்லோரும் 2.4 என்று சரியாகவே சொல்வார்கள். காரணத்தைத்தான் தவறாகச் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்று உறிஞ்சிவிடுவதில்லை. அலைநீளம் சுருங்கும்போது அதற்கேற்ற ஆன்டெனாவும் சுருங்குகிறது. சிறிய ஆன்டெனா காற்றிலிருந்து அள்ளும் ஆற்றலும் குறைகிறது. 2.4-இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5-இன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. இந்த ஒரு காரணத்தாலேயே 7 டெசிபல் அளவுக்கு இழப்பு. சுவரின் கூடுதல் தடை தனி. ஆனால் 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் உட்கார்ந்திருக்கும். தூரம் போகும் அலை பக்கத்து வீட்டிலிருந்தும் அதே தாராளத்தோடு வந்து சேர்கிறது.

ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அவற்றின் நிலையைக் கவனிப்பதில்லை. நேராக நிற்கும் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் ஒரு மெதுவடை: குச்சி நடு ஓட்டைக்குள் நிற்கிறது, சதை சுற்றிலும் பக்கவாட்டில் விரிகிறது, குச்சியின் நுனி நோக்கிய திசையில் ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்து ரவுட்டரின் எல்லா ஆன்டெனாக்களையும் செங்குத்தாக நிறுத்திவிட்டு, நேர் மேலே உள்ள அறையில் சிக்னல் இல்லை என்று குறைப்பட்டால், அந்த அறை வடையின் ஓட்டைக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டைப் படுக்கவைத்தாலே வித்தியாசம் தெரியக்கூடும். இதைவிடப் பெரிய விஷயம் இடம். பைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அது பெரும்பாலும் தெருப்பக்கச் சுவர், டி.வி.க்குப் பின்னால். வடையின் பாதி தெருவுக்குப் போகிறது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு பெட்டியை வைத்தால் சுவர்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறையும். எந்த விலையில் வாங்கிய ஆற்றலும் அதற்கு ஈடாகாது. சுவர் குறைந்தால் இரு திசைக்கும் நன்மை: ரவுட்டரின் குரல் போனுக்கும், போனின் குரல் ரவுட்டருக்கும் ஒரே அளவில் கூடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆன்டெனாவின் ஆதாயம் அனுப்பும்போது மட்டுமல்ல, கேட்கும்போதும் வேலை செய்யுமே. நான்கு ஆன்டெனா உள்ள ரவுட்டர் போனின் மெல்லிய குரலை நான்கு இடத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுமே. அப்படியானால் விலை கூடிய பெட்டி போனின் குறையையும் சரிக்கட்டுகிறது அல்லவா? உண்மைதான். வெறும் அலங்காரம் என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து நான்காக்குவதால் கேட்கும் திறனில் கிடைப்பது சில டெசிபல். ஒரு கான்கிரீட் தளம் அதை ஒரே வாயில் தின்றுவிடும். வேகத்தைக் குறிக்கும் எண்களிலும் போனின் பாதி மறைந்துகிடக்கிறது. ‘ஏ.எக்ஸ். 3000’ என்ற எண் எப்படி வந்தது? 2.4-இல் கிடைக்கக்கூடிய 574 மெகாபிட்டையும் 5-இல் கிடைக்கக்கூடிய 2402 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கியது. வைஃபை 6 வரையிலான இணைப்புகளில் போன் தகவலைப் பரிமாறுவது ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான். அதன் ஆன்டெனாக்களும் பொதுவாக இரண்டுதான். அந்த 2402-க்குத் தேவையான 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தைப் பல போன்கள் தொடுவதே இல்லை. வைஃபை 6, 7 என்ற புதிய தலைமுறைகள் நெரிசலைச் சமாளிப்பதில் நிஜமாகவே முன்னேற்றம். சுவரைத் துளைப்பதில் அவற்றுக்குத் தனிச் சலுகை இல்லை.

எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவது மலிவான வழி. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், வாங்கிய தகவலையே அதே சேனலில் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு செய்தி காற்றில் இரண்டு முறை பயணப்படுவதால் வேகம் பாதியாகும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரான்சின் கிரனோபிளில் ஹூஸ், ரூசோ முதலிய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, தொலைவில் மெதுவாகப் பேசும் ஒரே ஒரு கருவி பக்கத்தில் இருக்கும் வேகமான கருவிகளையும் தன் நிலைக்கு இழுத்துவிடுவதைக் காட்டியது. மெதுவாகப் பேசுபவர் காற்றை அதிக நேரம் பிடித்துக்கொள்கிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். பின்வந்த ரவுட்டர்கள் காற்றுநேரத்தைப் பங்கிட்டு இதை ஓரளவு சமாளிக்கின்றன. மாடியின் கடைசி அறைக்குச் சிக்னல் எட்டாதது அந்த அறையில் இருப்பவரின் பிரச்சினை மட்டுமல்ல, ஹாலில் படம் பார்ப்பவரின் பிரச்சினையும்தான் என்பது மட்டும் மாறவில்லை.

மெஷ் எனப்படும் இரண்டு மூன்று பெட்டிகளின் கூட்டு இதற்கு நல்ல தீர்வு. பெட்டிகளுக்கு இடையே லேன் கேபிள் ஓடினால் மிக நல்ல தீர்வு. கேபிள் இல்லாமல் காற்றிலேயே பேசிக்கொள்ளும் மெஷ், ரிப்பீட்டரின் குறையை மூன்றாவது ரேடியோவால் மூடப் பார்க்கிறது. அதற்குத்தான் கூடுதல் விலை. விளம்பரத்தில் வராத ஒரு சங்கதியும் உண்டு. வீட்டுக்குள் நடக்கும்போது எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குத் தாவுவது என்பதைத் தீர்மானிப்பது மெஷ் அல்ல, போன். இந்தத் தாவலை எளிதாக்கும் துணைத் தரவரையறைகளின் வழியே பெட்டிகள் யோசனை சொல்லலாம், ‘அங்கே போ’ என்று தூண்டலாம், கடைசியில் துண்டித்தும் பார்க்கலாம். கீழ்த்தளத்துப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டே மாடிக்கு ஏறும் பழைய போனை எந்த மெஷ்ஷும் முழுதாகத் திருத்த முடியாது. வீடு கட்டும்போது, அல்லது வயரிங் மாற்றும்போது, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு லேன் கேபிளை பைப்பில் இழுத்துவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்பதைவிட லாபகரமான வைஃபை முதலீடு இல்லை. சாதாரண கேட் 5இ கேபிள்கூட 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும், பத்து வருடம் கழித்தும் கொண்டுபோகும்.

இனி அந்தக் கேடயப் படத்துக்கு வருவோம். ரவுட்டர் பிள்ளைகளைக் காக்க வேண்டுமானால், பிள்ளை என்ன பார்க்கிறான் என்பது அதற்குத் தெரிய வேண்டும். அதற்குத் தெரிவது மிகவும் கொஞ்சம். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் போன் முதலில் செய்வது, அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டு டி.என்.எஸ். என்ற பெயர்ப் பதிவேட்டுக்கு ஒரு கேள்வி அனுப்புவது. பால் மோக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த அந்த முறையில் கேள்வியும் பதிலும் வெளிப்படையாகப் போகும். எண் கிடைத்த பிறகு நடக்கும் உரையாடல் இப்போது அநேகமாக எல்லாத் தளங்களிலும் மறையாக்கப்பட்டது. வங்கிக் கணக்கைத் திருடனிடமிருந்து காக்கும் அதே பூட்டு, பார்க்கும் பக்கத்தை ரவுட்டரிடமிருந்தும் மறைக்கிறது. பூட்டின் ஒரு சாவி தளத்திடம், மறு சாவி போனிடம். நடுவில் உள்ள ரவுட்டருக்குத் தெரிவது உறையின் மேல் இருக்கும் பெயர் மட்டும். யூடியூபில் பத்தாம் வகுப்பு வேதியியல் பாடம் ஓடுகிறதா, வேறொன்று ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. யூடியூப் என்றுதான் தெரியும்.

அந்தப் பெயரை வைத்து உருப்படியாகச் சில காரியங்களைச் செய்யலாம். ஆபாசத் தளங்களின் பெயர்களுக்குப் பதில் சொல்லாத பதிவேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓப்பன் டி.என்.எஸ். நிறுவனத்தின் குடும்பப் பதிவேடு 2010-இலிருந்து இருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரலில் 1.1.1.3 என்ற முகவரியில் ஒன்றைத் தொடங்கியது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். கட்டத்தில் அந்த எண்ணை எழுதினால் வேலை முடிந்தது. பல ஆண்டுகள் பழைய ரவுட்டரிலும் இந்தக் கட்டம் இருக்கும். கூகுள் தேடலைப் பாதுகாப்பு நிலையிலும், யூடியூபைக் கட்டுப்பாட்டு நிலையிலும் நிறுத்திவைக்க இதே பதிவேட்டு வழியில் ஏற்பாடு உண்டு. மாதச் சந்தா கட்டி வாங்கும் ‘பெற்றோர் கட்டுப்பாட்டுத் தொகுப்பு’ பலவற்றின் உள்ளே இருப்பது இந்த வித்தைதான். சந்தா பெரும்பாலும் அழகான ஆப்புக்கும் வாராந்தர அறிக்கைக்கும் போகிறது. அந்த அறிக்கை தயாராவதற்கு வீட்டார் எல்லோரும் சென்ற தளங்களின் பெயர்கள் நிறுவனத்தின் கணினிகளில் சேர்கின்றன என்பதையும், அது பிள்ளையின் பாதுகாப்பா, பிள்ளையைப் பற்றிய பதிவேடா என்பதையும் வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

இந்த வேலிக்கு வாசல்கள் இருக்கின்றன, எல்லா வாசலும் போன் பக்கமே திறக்கிறது. பெயர்க் கேள்வியையே மறையாக்கி அனுப்பும் முறை 2018-இல் தரவரையறையாகிவிட்டது. அது சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்தே போவதால் ரவுட்டரால் பிரித்தறிவது கடினம். அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து, அமைப்புகளில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்ற இடத்தில் வேறொரு பதிவேட்டின் பெயரை எழுதினால் போதும், ரவுட்டர் தேர்ந்தெடுத்த பதிவேடு ஒதுங்கிவிடும். இலவச வி.பி.என். ஆப் ஒன்று எல்லாவற்றையும் ஒரே சுரங்கத்துக்குள் போட்டுவிடும். ‘சின்னவனின் போனுக்கு இரவு 9 மணிக்கு மேல் இணையம் இல்லை’ என்று ரவுட்டரில் விதி எழுதினால், அது அந்தப் போனை அடையாளம் காண்பது மேக் முகவரி எனப்படும் கருவியின் அடையாள எண்ணால். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் ஐபோன் இயங்குதளத்தின் 14-ஆம் பதிப்பும் அந்த முகவரியை வைஃபைக்கு வைஃபை மாறும் பொய் எண்ணாக்கிவிட்டன. அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் எண் மாறும், விதி ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். இவ்வளவு சாமர்த்தியமும் தேவையில்லாத வாசல் ஒன்று உண்டு: வைஃபையை அணைத்துவிட்டு சிம்மின் டேட்டாவைப் போடுவது. சேவை நிறுவனம் கொடுத்த முதல் பெட்டியின் வைஃபையை அணைக்காமல், பின்னால் மாட்டிய புதுப் பெட்டியில் மட்டும் கட்டுப்பாடு வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் எளிது. பாஸ்வேர்டு அந்தப் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும்.

கணக்கெடுப்புகளும் இதையே சொல்கின்றன. பிரிட்டனில் 2013 முதல் பெரிய இணைய நிறுவனங்கள், அரசின் வற்புறுத்தலால், வீட்டு இணைப்புகளுக்கு வடிகட்டியைத் தாங்களே முன்வைத்தன. ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018-இல் ஐரோப்பிய, பிரிட்டன் பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். 17 முதல் 77 வீடுகள் வடிகட்டி வைத்தால் ஒரே ஒரு பிள்ளை ஆன்லைனில் பாலியல் காட்சியைப் பார்ப்பது தவிர்க்கப்படும் என்பது அவர்கள் கணக்கு. மறுக்க இடம் உண்டு. இது சோதனை அல்ல, கேட்டு எழுதிய தரவு. வீட்டில் வடிகட்டி இருக்கிறதா என்று பெற்றோர் சொன்னதை நம்பியது. நல்ல வடிகட்டியையும் பேருக்கு இருப்பதையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆறு வயதுக் குழந்தையைப் பற்றி அது எதுவும் சொல்லவும் இல்லை. ஆனால் பதின்பருவத்தில் வடிகட்டி பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்பது, வாசல்கள் எங்கே திறக்கின்றன என்று மேலே பார்த்ததோடு நன்றாகவே பொருந்துகிறது.

அப்படியானால் ரவுட்டரில் கட்டுப்பாடே வேண்டாமா என்றால், வேண்டும், அது செய்யக்கூடிய வேலைக்கு. தேடிப் போகிறவனை அது நிறுத்தாது. தடுக்கி விழுகிறவனை நிறுத்தும். சிம் இல்லாத டேப்லெட்டும், டி.வி.யும், விளையாட்டுக் கருவியும் வீட்டு வைஃபையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவை. அவற்றில் உட்காரும் சிறு பிள்ளைகளுக்கு 1.1.1.3 போன்ற ஓர் எண் நிஜமான உதவி. நேரக் கட்டுப்பாட்டைக் கருவிக்குக் கருவி எழுதாமல், பிள்ளைகளுக்கென்று தனி வைஃபைப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்து, அந்தப் பெயருக்கே எழுதினால் மேக் முகவரி மாறுவது பொருட்டில்லாமல் போகும். போன் கையில் வந்த வயதிலோ, பூட்டு போனில்தான் இருக்க வேண்டும். கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017-இலிருந்தும் ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் 2018-இலிருந்தும் இதற்காகவே இருக்கின்றன. சிம் டேட்டாவில் போனாலும், நண்பன் வீட்டு வைஃபையில் போனாலும் அவை கூடவே போகின்றன, எந்த ஆப்பை நிறுவலாம் என்பதையும் கேட்கின்றன. இவையும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பேசாமல் இருப்பதற்கு மாற்று அல்ல. ஆனால் எந்த முனையில் பூட்டு போட வேண்டுமோ அந்த முனையில் இருக்கின்றன.

கட்டுப்பாட்டை ரவுட்டரில் வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பிள்ளைகளுக்காக நாம் மாற்றும் அந்த டி.என்.எஸ். கட்டத்தை அந்நியரும் மாற்ற முடியும். பிரேசிலில் 2011, 2012-இல் சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களுக்குள் புகுந்தவர்கள் இந்த ஒரு கட்டத்தைத்தான் மாற்றினார்கள். சரியான வங்கி முகவரியைத் தட்டியவர்கள் போலிப் பக்கத்தில் போய் நின்றார்கள். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் குடியேறியபோது, வீட்டு ரவுட்டர்களை அணைத்துப் போடும்படி அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே ஆன்டெனா எத்தனை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாதிரிக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் தயாரிப்பாளர்கள் அதை வெளியிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதற்கும் அங்கே தடை. நாம் வாங்கும் மாடல் அங்கும் விற்பனையில் இருந்தால் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் கேட்க வேண்டியவை ஆக மொத்தம் கொஞ்சம்தான். இரண்டு பெட்டிகளை லேன் கேபிளால் இணைத்து ஒரே வைஃபையாக ஓட்ட முடியுமா, பிள்ளைகளுக்குத் தனி வைஃபைப் பெயர் வைத்து அதற்கு மட்டும் நேரமும் டி.என்.எஸ்.ஸும் எழுத முடியுமா, புதுப்பிப்பு தானாக வருமா. இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் நடுத்தர விலையில் இரண்டு பெட்டிகள், உச்ச விலையில் ஒன்றைவிட மேல். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கு அதுகூட வேண்டாம்; சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியை டி.வி.க்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து உயரத்தில் மாட்டி, −67-ஐ எந்த அறை தாண்டவில்லை என்று போனில் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதையும் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் ஆக்கலாம்: கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, இணைய இணைப்புக்கான வேன் துளையை விட்டுவிட்டு லேன் துளையில் கேபிளைச் செருகி, முதல் பெட்டி சேனல் 1-இல் இருந்தால் இதை 6-லோ 11-லோ வைக்க வேண்டும். இணையத்தை நேராகப் பார்க்காமல் முதல் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், புதுப்பிப்பு நின்றுபோன பெட்டிக்கு அங்கே ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வாங்க வேண்டியிருப்பது அப்போது மாடிவரை எட்டும் கேபிள் மட்டும்.